சாக்கடையை வாரியது யார்? பழைய நாகரிகங்களைப் பற்றிய சில புத்தகங்களை முன்வைத்து

மொகஞ்சதாரோ என்று சொன்னதும் நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மூன்று விஷயம் ஞாபகம் வரும். பெருங்குளம், நடனப் பெண், மூடி போட்ட சாக்கடை. பெருங்குளத்தில் யார் குளித்திருப்பார்கள் என்று நிறைய எழுதியிருக்கிறார்கள். பூசாரிகள், பெரிய மனுசர்கள், சடங்கு, தீட்டுக் கழிப்பு என்று போகும். நடனப் பெண் பத்தரை சென்டிமீட்டர் உயரமுள்ள வெண்கலப் பொம்மை. அவள் இடுப்பில் கை வைத்திருப்பதைப் பற்றி மட்டும் எத்தனை பக்கம்! சாக்கடையைப் பற்றியும் குறைவில்லை. செங்கல்லின் அளவு, சரிவு, மூடி, வளைவு எல்லாம் உண்டு. ஒரு கேள்விதான் இல்லை. அந்தச் சாக்கடையை வாரியது யார்?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. ஆறாம் வகுப்பில் வந்தது. சரித்திரம் எடுத்த வாத்தியார் சிந்துவெளி நகரத்தைச் சொல்லிக்கொண்டே வந்து, "அந்தக் காலத்துலயே எவ்வளவு சுத்தமா இருந்திருக்கான் பாருங்கடா" என்றார். அப்புறம் கடைசி பெஞ்சைப் பார்த்தார். "சாக்கடையப் பத்தி இன்னும் விவரம் வேணும்னா அவனக் கேளுங்க. அவங்க அப்பனுக்குத் தெரியும்." வகுப்பே சிரித்தது. எங்க அப்பா நகராட்சியில் துப்புரவுத் தொழிலாளி. நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த வயசில் வேறென்ன செய்ய முடியும். அவர் கேலியாகச் சொன்னது எவ்வளவு நல்ல ஆராய்ச்சி வழி என்று எனக்கு உறைக்கப் பத்துப் பன்னிரண்டு வருசம் ஆனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பழங்கால நாகரிகங்களின் 'வாழ்க்கையும் பண்பாடும்' பற்றிய புத்தகங்களை நான் விரும்பிப் படிக்கிறவன். குறை கண்டுபிடிப்பதற்காகப் படிக்கிறவன் இல்லை. ராசா பேரும் போர் நடந்த வருசமும் மட்டுமே சரித்திரம் என்றிருந்த காலத்தில், மக்கள் என்ன தின்றார்கள், எதில் படுத்தார்கள், பிள்ளைக்கு என்ன விளையாட்டுச் சாமான் செய்துகொடுத்தார்கள் என்று பேச வந்தவை இந்தப் புத்தகங்கள். பிரான்சில் 'அன்றாட வாழ்க்கை' என்று ஒரு வரிசையாகவே வந்தது. ரோமைப் பற்றி ஜெரோம் கார்கோபினோ 1939இல் எழுதியதும், ராம்சேஸ் காலத்து எகிப்தைப் பற்றி பியர் மோந்தே 1946இல் எழுதியதும் அதில் பேர் போனவை. அதற்கும் முன்னாலேயே, 1885இல், எகிப்தின் வாழ்க்கையைப் பற்றி அடோல்ஃப் எர்மான் ஜெர்மனில் எழுதிவிட்டார். இவர்கள் அடுப்பங்கரைக்குள் போனார்கள், சந்தைக்குப் போனார்கள், குளியலறைக்கும் போனார்கள். அப்படிப் போனவர்கள் கொல்லைப் பக்கம் மட்டும் ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் என் மனத்தாங்கல். ரோமை எழுதியவர்கள் ஓரளவு பார்த்தார்கள். நம்ம துணைக்கண்டத்தை எழுதியவர்கள் பார்க்கவேயில்லை.

சிந்துவெளிக்கு வருவோம். 1921இல் தயாராம் சாஹ்னி ஹரப்பாவில் தோண்டினார். 1922இல் ராக்கல்தாஸ் பானர்ஜி மொகஞ்சதாரோவில் தோண்டினார். 1924 செப்டம்பரில் ஜான் மார்ஷல் லண்டன் பத்திரிகை ஒன்றில் உலகத்துக்கு அறிவித்தார். 1931இல் மார்ஷலின் மூன்று பெரிய வால்யூம்கள் வந்தன. அதற்குப் பிறகு சிந்துவெளி பற்றி எழுதிய எல்லோருக்கும் சோறு போட்ட பானை அதுதான். சாக்கடையைப் பற்றி அதிலும், அங்கே பல வருசம் தோண்டிய எர்னஸ்ட் மக்கேயின் எழுத்திலும் உள்ள விவரங்களைப் படித்தால் பிரமிப்பாகத்தான் இருக்கிறது. வீட்டுக் குளியலறையின் தளம் ஒரு மூலையைப் பார்த்துச் சரிகிறது. மாடியிலிருந்து சுவரோடு சுடுமண் குழாய் இறங்குகிறது. வீட்டுத் தண்ணீர் தெருச் சாக்கடையில் விழுவதற்கு முன்னால் ஒரு குழியில் தங்கி, கசடை இறக்கிவிட்டுப் போகிறது. தெருச் சாக்கடையின் மேல் செங்கல்லோ கல் பலகையோ மூடியிருக்கிறது. வேண்டும்போது எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கலாம். சாக்கடை எட்டாத சந்துகளில், சுவருக்கு வெளியே ஒரு பெரிய பானையைப் புதைத்து, அடியில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறார்கள். தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். மற்றது பானையில் தங்கும்.

இதையெல்லாம் எழுதுகிறபோது நம்ம பாடப் புத்தகக்காரர்களின் வாக்கிய அமைப்பைக் கவனியுங்கள். 'கழிவுநீர் அகற்றப்பட்டது.' 'வடிகால்கள் தூய்மை செய்யப்பட்டன.' 'நகரம் சுகாதாரமாகப் பராமரிக்கப்பட்டது.' எல்லாம் செயப்பாட்டு வினை. செயப்பாட்டு வினை வந்தால் 'யாரால்' என்ற மூன்றாம் வேற்றுமையும் வரணும் என்றுதான் எனக்குத் தமிழய்யா சொல்லிக் கொடுத்தார். இங்கே அது வருவதேயில்லை. பெருங்குளம் என்றால் பூசாரி வருகிறார். முத்திரை என்றால் வணிகர் வருகிறார். மணி கோத்தவர், சங்கு அறுத்தவர், பானை வனைந்தவர் எல்லோரும் வருகிறார்கள். சாக்கடை என்றதும் எழுவாய் காணாமல் போய்விடுகிறது. அது தானாகவே தன்னைச் சுத்தம் செய்துகொள்கிறது. குழியில் தங்கிய கசடு எங்கே போச்சு? நிறைந்த பானையை யார் காலி செய்தது? திரும்ப வைக்கக்கூடிய மூடி என்று பொறியியல் மேதைமையைப் புகழ்கிறோம். மூடியைத் தூக்கிய கை எது?

சும்மா சொல்லக்கூடாது, மக்கே ஒரு இடத்தில் அந்தக் கைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடுகிறார். சாக்கடை ஓரங்களில் சின்னச் சின்னக் குவியலாக, பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்தில் மணல் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். சாக்கடையை அவ்வப்போது வாரியிருக்கிறார்கள் என்பதற்கு அதை அத்தாட்சியாகக் காட்டுகிறார். அவ்வளவுதான். அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

நான் கல்லூரியில் படிக்கும்போது இதை வாசித்தேன். அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் தமிழில் சொல்லிக் காட்டினேன். நாலாயிரத்து ஐநூறு வருசத்துக்கு முந்தின ஊர், அங்கே சாக்கடை, சாக்கடைக்குப் பக்கத்தில் மண் குவியல் என்று. அவர் பீடியை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதுல என்னடா அதிசயம். தூர் வாரினா ஓரத்துலதான் போடணும். ஈரத்தோட தூக்கினா சட்டியில ஒழுகும், தலையில ஒழுகும், கண்ணுல வழியும். ஒருநா ரெண்டுநா காயணும். அப்புறம்தான் வண்டி."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே கேட்டார்.

"சரி, குமிச்சவன் குமிச்சிட்டான். அள்ள வேண்டியவன் ஏன் வரல?"

"ஊரே அழிஞ்சுபோச்சுப்பா."

"ஊரு ஒரே நாள்லயா அழிஞ்சுது? சம்பளம் போட்டிருக்க மாட்டான்."

அம்மா உள்ளே சிரித்தாள். அவருக்கு அந்த மாசம் சம்பளம் வந்திருக்கவில்லை. அது வேறு விஷயம். ஆனால் யோசித்துப் பாருங்கள். பிற்காலத்து மொகஞ்சதாரோவில் கட்டடம் மட்டமாகப் போனது, பெரிய வீடுகளைத் தடுத்துத் தடுத்துச் சின்ன வீடாக்கினார்கள், சாக்கடைகள் கவனிப்பாரில்லாமல் போயின என்று எல்லாப் புத்தகங்களும் எழுதுகின்றன. 'நகர நிர்வாகம் சீர்குலைந்தது' என்று அதற்கு ஒரு சொற்றொடர். நிர்வாகம் எப்படிச் சீர்குலையும்? ஒரு நாள் காலையில் ஒருத்தன் வேலைக்கு வராமல் இருந்தால்தான் குலையும். ஏன் வரவில்லை என்று நிர்வாகத்தின் பக்கத்திலிருந்து கேட்பவர்களுக்கு வெள்ளம், படையெடுப்பு, ஆறு திசை மாறியது என்று பதில் கிடைக்கிறது. எங்க அப்பா குவியலின் பக்கத்திலிருந்து கேட்டார். அவர் சொன்னதுதான் நடந்தது என்று நான் வாதாட வரவில்லை. குவியலைக் கண்ணால் பார்த்த மக்கேவுக்குத் தோன்றாத கேள்வி, குவியலைக் குவித்துப் பழகியவருக்கு உடனே தோன்றியது என்றுதான் சொல்கிறேன். வாரியவர் ஒருத்தர், அள்ளியவர் வேறொருத்தர் என்கிற வேலைப் பிரிவினைகூட அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். நம்ம தோழர்கள் சிலர் அவசரப்பட்டு, சிந்துவெளிச் சாக்கடையை வாரியவர்கள் அன்றைய தலித்துகள் என்று மேடையில் பேசிவிடுகிறார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. சிந்து எழுத்தை எல்லோரும் ஏற்கும்படி இன்னும் யாரும் படித்துச் சொல்லவில்லை. அங்கே தீண்டாமை இருந்ததா, பிறப்பால் தொழில் இருந்ததா என்று மண் சொல்லவில்லை. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வாசலைத் தானே வாரியிருக்கலாம். தெரு ஆட்கள் முறை வைத்துச் செய்திருக்கலாம். அப்படியானால் விஷயம் இன்னும் பெரிது. சாதி இல்லாமலே ஒரு பெருநகரம் தன் கழிவைத் தானே கையாண்டது என்றாகும். அதையாவது கேட்டிருக்க வேண்டாமா? இரண்டில் எது உண்மையானாலும் கேள்வி கேட்டவனுக்குத்தான் பதில் கிடைக்கும்.

கேட்காதவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், தங்கள் காலத்தைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்துவிடுகிறார்கள். ஹரப்பாவில் ஒரே அச்சாக வரிசையாய்ச் சின்ன வீடுகள் கிடைத்தன. மார்ட்டிமர் வீலர் காலத்து ஆட்கள் அதற்கு வைத்த பெயர் 'கூலி லைன்'. தேயிலைத் தோட்டத்தையும் ரயில்வே காலனியையும் பார்த்த கண்ணுக்கு வரிசை வீடு என்றால் கூலி லைன்தான். (கூலி என்ற சொல்லே தமிழிலிருந்து போனது என்பார்கள் பலர். வேறெதுவும் போகாவிட்டாலும் அது போயிருக்கிறது.) பக்கத்தில் இருந்த வட்ட மேடைகள் தானியம் குத்த, அதற்கப்பால் இருந்தது அரசாங்கக் களஞ்சியம், வீடுகள் அதில் வேலை பார்த்த அடிமை ஆட்களுக்கு என்று ஒரு முழு ராஜ்ஜியத்தையே கட்டினார்கள். பின்னால் வந்தவர்கள், அது களஞ்சியம்தான் என்பதற்கே சாட்சி போதாது என்றார்கள். ராஜ்ஜியம் ஆட்டங்கண்டது. ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். வீலருக்கு உழைப்பாளி என்றால் தானியம் குத்துகிறவன். அதையும் ஒரு அதிகாரி பார்ப்பதுபோல் மேலேயிருந்து பார்த்தார். கசடு அள்ளுகிறவன் அவர் கண்ணிலும் படவில்லை.

அண்மைக் காலத்துப் புத்தகங்கள் கொஞ்சம் மாறியிருக்கின்றன. ஹரப்பாவில் பல ஆண்டுகள் தோண்டிய ஜொனாதன் மார்க் கெனோயர் 1998இல் ஒரு நல்ல புத்தகம் கொண்டுவந்தார். வீடுகளில் தரையில் பானை புதைத்த கழிப்பிடங்கள் இருந்தன என்பது போன்ற செய்திகளை இவர்கள் தலைமுறைதான் விரிவாக எழுதியது. அந்தப் பானைகளைத் தனியான ஒரு உழைப்பாளர் பிரிவு சுத்தம் செய்திருக்கும் என்ற பேச்சும் இவர்கள் எழுத்தில் போகிறபோக்கில் வருகிறது. எனக்கு அதைப் படித்ததும் முதலில் சந்தோசம். அட, கடைசியில் ஆள் வந்துவிட்டான்! அடுத்த நிமிசம் சந்தேகம். 'தனியான' என்பதற்கு என்ன ஆதாரம்? மணி செய்தவர் தனியான பிரிவு என்றால் பட்டறையைக் காட்டுகிறார்கள், துளைபோட்ட ஊசியைக் காட்டுகிறார்கள். இதற்கு எதைக் காட்டினார்கள்? இன்றைக்குப் பஞ்சாபிலும் சிந்துவிலும் அந்த வேலையைத் தனியான ஒரு சனம்தான் செய்கிறது. கிறிஸ்தவர்களாக மாறியவர்களும் இந்துக்களாகவே இருப்பவர்களுமாகிய நம்ம மாதிரி ஆட்கள். ஆகவே அன்றைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று எழுதுகோல் தானாகப் போகிறது. முதலில் நம்மை விட்டுவிட்டார்கள். பிறகு சேர்த்தபோது, யோசிக்காமலே நம்ம பழைய இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள்.

இடதுசாரி எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கார்டன் சைல்டும் கோசாம்பியும் உபரி யார் கைக்குப் போனது என்று கேட்டவர்கள். அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். நம்ம ஊர் முற்போக்கு மேடைகளில் பிரெக்ட்டின் 'வாசிக்கத் தெரிந்த தொழிலாளியின் கேள்விகள்' கவிதையைச் சொல்லாத கூட்டம் கிடையாது. 1935இல் எழுதிய நல்ல கவிதை. கோட்டையைக் கட்டியவரைக் கேட்கிறது, கொத்தனாரைக் கேட்கிறது, சமையல்காரரைக்கூடக் கேட்கிறது. கழுவியவரைக் கேட்கவில்லை. கட்டுவது உழைப்பு, கட்டியதைத் தினந்தோறும் கழுவிக் காப்பாற்றுவது உழைப்பில்லை என்கிற எண்ணம் மார்க்சியத்துக்குள்ளேயும் ஒளிந்து கிடக்கிறது. ஒருமுறை கட்டினால் சுவர் நிற்கும். சாக்கடை நாளைக்கும் நிறையும்.

ரோமுக்குப் போனால் இந்த விஷயத்தில் காற்று கொஞ்சம் வெளிச்சமாக அடிக்கிறது. கார்கோபினோ ரோமானியக் கக்கூசைப் பற்றி வெட்கப்படாமல் எழுதுகிறார். துணி வெளுக்கிறவர்கள் மூத்திரத்தைச் சேர்த்துப் பயன்படுத்தியது, வெஸ்பாசியன் அதற்கு வரி போட்டது எல்லாம் ரோமைப் பற்றிய புத்தகங்களில் சாதாரணமாக வரும். சாக்கடையை வாரியது யார் என்பதற்கு நேரடியான எழுத்துச் சாட்சியே இருக்கிறது. இளைய பிளினி பித்தினியாவில் ஆளுநராக இருந்தபோது டிராஜன் சக்கரவர்த்திக்கு ஒரு சிக்கலை எழுதுகிறார். தண்டனை பெற்றவர்கள் சிலர் தண்டனையை அனுபவிக்காமல், நகரத்து அடிமைகள் செய்யும் வேலையில் சேர்ந்து வருசக்கணக்கில் கூலியும் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள், என்ன செய்ய? சக்கரவர்த்தியின் பதிலின் சாரம் இது: தீர்ப்பாகிப் பத்து வருசத்துக்கு உட்பட்டவர்களைத் தண்டனைக்கே திருப்பி அனுப்பு. அதற்கு மேலான பழைய ஆட்களை, கிழவர்களை, தண்டனைக்கு நெருக்கமான வேலைகளில் போடு. அந்த வேலைகள் என்னென்ன? பொதுக் குளியலறை, சாக்கடை சுத்தம் செய்வது, சாலை வேலை.

ஏதென்சிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கும் 'ஏதென்சின் அரசமைப்பு' என்ற நூல் எகிப்து மணலில் பப்பைரசாகக் கிடைத்து 1891இல் அச்சேறியது. நகரத்து அதிகாரிகளின் வேலைகளில் ஒன்றாக அது சொல்கிறது: மலம் அள்ளுகிறவர்கள் கோட்டைச் சுவருக்குப் பத்து ஸ்டேடியாவுக்குள், அதாவது கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டருக்குள், கொட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தெருவில் செத்துக் கிடக்கும் அனாதைப் பிணங்களை அப்புறப்படுத்துவதும் அவர்கள் பொறுப்பு. அதைச் செய்ய அரசாங்க அடிமைகள் இருந்தார்கள். சாக்ரடீசும் பிளேட்டோவும் நடந்த தெருவில் இவர்களும் நடந்தார்கள் என்று தெரிகிறது. ரோமில் அது குற்றத்துக்குத் தண்டனை. ஏதென்சில் அடிமை வேலையும் கூலி வேலையும். இதை நான் அவர்களைப் புகழ்ந்து சொல்லவில்லை. அடிமை வைத்திருந்த ஊர்கள் அவை. ஆனால் எழுதி வைத்தார்கள். நம்ம பெரியவர்கள் எழுதி வைத்தது வேறு மாதிரி. சண்டாளன் ஊருக்கு வெளியே இருக்கணும், உடைந்த பாத்திரத்தில் தின்னணும், பிணத்தின் துணியை உடுத்தணும் என்று மனு எழுதினார். அவன் செய்யும் வேலையால் ஊருக்கு என்ன நன்மை என்று ஒரு சொல் கிடையாது.

எகிப்தில் எனக்குப் பிடித்தது வேலைநிறுத்தம். தேர் எல் மெதினா என்ற ஊரில் மன்னர் கல்லறைகளைக் குடைந்த கைவினைஞர்கள் குடியிருந்தார்கள். மூன்றாம் ராம்சேசின் 29ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 12ஆம் நூற்றாண்டில், அவர்களுக்குத் தானியப் படி வரவில்லை. கூலியே அதுதான். வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து கோயில் பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள். பசிக்கிறது என்றார்கள், மன்னருக்குச் சொல்லி அனுப்பு என்றார்கள். அந்தப் பப்பைரஸ் இத்தாலியில் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதைச் சொன்னபோது எங்க அப்பா, "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றார். மொகஞ்சதாரோவுக்கும் எகிப்துக்கும் இடையில் ஆயிரம் வருசத்துக்கு மேல், ஆயிரக்கணக்கான மைல் என்று நான் விளக்கியதை அவர் சட்டை செய்யவில்லை.

அதே ஊரில் இன்னொரு கணக்கும் கிடைத்திருக்கிறது. இந்தக் கைவினைஞர்களுக்குத் தண்ணீர் கொண்டுவர வெளி ஆட்கள் இருந்தார்கள். துணி வெளுக்கவும் ஆட்கள் இருந்தார்கள். எந்த வீட்டுத் துணி எந்த வண்ணாருக்கு என்று ஓட்டுச் சில்லுகளில் குறித்து வைத்திருக்கிறார்கள். பட்டியலில் பெண்களின் மாதவிலக்குத் துணியும் வருகிறது. எகிப்தின் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் எழுதிப் பழகிய ஒரு பாடம் உண்டு. எழுத்தனான ஒரு தகப்பன் மகனைப் பள்ளியில் சேர்க்கப் படகில் கூட்டிப் போகும்போது, மற்ற தொழில்களை ஒவ்வொன்றாகக் கேவலப்படுத்திச் சொல்வதாக அது அமைந்தது. குயவர், செருப்புத் தைப்பவர், வண்ணார் எல்லோரையும் சீண்டுகிறது. வண்ணாரைச் சொல்லும்போது அந்தத் துணியையும் சொல்லித்தான் சீண்டுகிறது. எழுதுகோல் பிடித்தவன் எந்த நாட்டிலும் இப்படித்தான் போலிருக்கிறது. எர்மானிலிருந்து இன்றுவரை பலரும் அந்தப் பாடத்தை நல்ல நகைச்சுவை என்று எடுத்துக் காட்டுகிறார்கள். செருப்புத் தைக்கும் வீட்டில் பிறந்த எனக்குப் பாதி நகைச்சுவைதான் புரிகிறது.

ஆனால் இங்கே நான் என் சனத்தையும் விட்டுவிட முடியாது. பட்டினிக்கு எதிராக உட்கார்ந்த அந்தக் கைவினைஞர்களுக்கும் கீழே, அவர்கள் தீட்டுத் துணியை வெளுக்க ஒருவர் இருந்திருக்கிறார். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தபோது நம்ம வட்டாரத்திலேயே எவ்வளவு பேருக்குக் கோபம் வந்தது என்று இந்தப் பத்திரிகை படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிரை வண்ணார் நமக்கு வெளுத்தார்கள். நாம் படி அளந்தோம், அல்லது அளக்காமல் விட்டோம். மொகஞ்சதாரோவை நோக்கிக் கேள்வி கேட்கிறவன் சேரிக்குள்ளேயும் கேட்கணும்.

இனி பாஷாம். 1954இல் வந்த 'வியத்தகு இந்தியா' இந்தியப் பண்பாடு பற்றி ஒரு வெள்ளைக்காரர் எழுதிய புத்தகங்களில் அதிகம் வாசிக்கப்பட்டவற்றுள் ஒன்று. இலங்கையில் அந்தப் பெயரில் தமிழாக்கமும் வந்தது. பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள். நல்ல மனுசர், அன்போடு எழுதினார். வெள்ளைக்கார அதிகாரிகள் நம்ம நாட்டைக் காட்டுமிராண்டி நாடு என்று எழுதி வைத்ததற்கு எதிராக எழுதினார். ஆனால் புத்தகத்தின் முதல் அதிகாரத்திலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. பழைய உலகத்தில் வேறெங்கும் மனிதனுக்கும் மனிதனுக்கும், மனிதனுக்கும் அரசுக்கும் உள்ள உறவு இந்தியாவில்போல் நியாயமாக, மனிதத்தன்மையோடு இருந்ததில்லை, அடிமைகளும் இங்கேதான் குறைவு என்ற பொருளில் சொல்கிறார். சமூகத்தைப் பற்றிய அதிகாரத்துக்கு வந்தால், தீண்டத்தகாதவர்கள் என்றே தலைப்பிட்டுச் சில பக்கங்கள். அவர்களை ஊருக்கு வெளியே வைத்திருந்தது அங்கே வருகிறது, மறைக்கவில்லை. கி.பி. 400ஐ ஒட்டி இங்கே வந்த சீன யாத்திரிகர் பாஹியான், சண்டாளர்கள் ஊருக்குள் வரும்போது கட்டையைத் தட்டி ஓசை எழுப்பிக்கொண்டு வந்ததை எழுதினார். சரித்திரம் படித்த எவருக்கும் அது தெரியும். பாஷாமுக்கும் தெரியும். தெரிந்தே முதல் அதிகாரத்துத் தீர்ப்பை அப்படியே விட்டுவைத்தார். இரண்டு பக்கங்களும் ஒரே அட்டைக்குள் ஒன்றையொன்று பார்க்காமல் இருக்கின்றன, ஊரும் சேரியும்போல.

அடிமைகள் குறைவு என்பதைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கணும். ஏன் குறைவு? காசு கொடுத்து வாங்காமலே, பிறந்தவுடனேயே வேலைக்கு எழுதி வைக்கப்பட்ட சனம் ஊருக்கு வெளியே இருக்கும்போது எவன் அடிமையை விலைக்கு வாங்குவான்? அடிமைக்குச் சோறு போடணும், வீட்டுக்குள் விடணும், அவன் தொட்ட தண்ணீரைக் குடிக்கணும். ரோமில் அடிமையை விடுதலை செய்தார்கள், அவன் மகன் குடிமகன் ஆனான். அடிமைத்தனமா தீண்டாமையா, எது கொடிது என்று அம்பேத்கர் இதை விலாவாரியாக எழுதியிருக்கிறார். பாஷாம் புத்தகம் வருவதற்கு ஆறு வருசம் முன்னால், 1948இல், தீண்டப்படாதவர்கள் யார் என்ற அவருடைய ஆராய்ச்சி நூல் வந்துவிட்டது. அதை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளர் மூவருக்கும் காணிக்கையாக்கினார். சங்கிலியில் கண்ணி அறுந்துபோன இடத்தில் ஊகத்தைத் துணைக்கு வைத்துக்கொள்வது குற்றமில்லை என்று அதன் முன்னுரையில் வாதாடுகிறார். அவருடைய சிதறுண்ட மக்கள் கோட்பாட்டை முழுக்க ஏற்கவேண்டும் என்றில்லை. எனக்கும் அதில் சில இடங்களில் தயக்கம் உண்டு. ஆனால் வீலர் களஞ்சியத்தை ஊகித்தால் அது தொல்லியல், அம்பேத்கர் ஊகித்தால் அது அரசியல் என்று சொன்ன பல்கலைக்கழகங்களை என்னவென்பது.

நம்ம ஊர்ப் பெருமைக்கும் வருவோம், சுருக்கமாக. 2015லிருந்து கீழடியில் தோண்டுகிறார்கள். செங்கல் கட்டுமானம், உறைகிணறு, சுடுமண் குழாய் எல்லாம் வெளியே வந்தன. எனக்கும் பெருமைதான். நானும் குடும்பத்தோடு போய்ப் பார்த்தேன். அங்கேயும் நம்ம ஆட்கள் பேசும் பேச்சு, 'பார், அன்றைக்கே வடிகால் வைத்திருக்கிறான் தமிழன்' என்பதுதான். ஆர். பாலகிருஷ்ணன் சிந்துவையும் வைகையையும் இணைத்து எழுதிய பெரிய புத்தகம் 2019இல் வந்தது. உழைப்போடு எழுதிய புத்தகம். ஊர்ப்பெயர்களின் வழியாகவும் கோட்டை மேற்கு, குடியிருப்பு கிழக்கு என்ற திசை அமைப்பின் வழியாகவும் அவர் காட்டும் தொடர்பு யோசிக்க வைக்கிறது. சிந்துவிலிருந்து வைகைக்கு ஊர்ப்பெயர் நடந்து வந்தது, திசை நடந்து வந்தது என்றால், அந்தப் பொறுப்பும் கூட வந்ததா, வந்தால் யார் தலையில் வந்தது என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. குழாய் வைத்தவன் தமிழன் என்றால், 2013இல் கையால் மலமள்ளத் தடைச்சட்டம் போட்ட பிறகும் அந்தக் குழாயின் கொள்ளுப்பேரனுக்குள் இறங்கி விஷவாயுவில் சாகிறவனும் தமிழன்தான். சாவுக்குப் பத்து லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் முப்பது லட்சம் ஆக்கியது.

கடைசியாக சிந்துவுக்கே திரும்புகிறேன். மொகஞ்சதாரோ இருக்கிற சிந்து மாகாணத்தின் தலைநகர் கராச்சி. பிரிவினையில் அதுவே பாகிஸ்தானின் தலைநகரும் ஆனது. இந்துக்கள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். துப்புரவு வேலை செய்த தாழ்த்தப்பட்ட மக்களும் கிளம்பப் பார்த்தார்கள். அத்தியாவசியப் பணி என்று காரணம் சொல்லி அரசாங்கம் அவர்களைப் போகவிடாமல் தடுத்தது. 1947 டிசம்பரில் அம்பேத்கர் இதைப் பற்றி நேருவுக்குக் கடிதம் எழுதினார். அப்போது கராச்சியில் இந்தியத் தூதராக இருந்தவர் ஸ்ரீபிரகாசா, பின்னால் சென்னை மாகாணத்துக்கு ஆளுநராக வந்தாரே, அவர்தான். பிரதமர் லியாகத் அலிகானிடம் இது பற்றிப் பேசினாராம். அவர்கள் போய்விட்டால் கராச்சியின் தெருவையும் கக்கூசையும் யார் சுத்தம் செய்வது என்று பதில் வந்ததாகத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஊர்வசி புட்டாலியாவின் 1998ஆம் வருசப் புத்தகத்தில் இந்தச் செய்தியைப் படிக்கும்வரை எனக்கு இது தெரியாது. அப்பாவிடம் சொல்லலாம் என்றால் அவர் அதற்குள் காலமாகிவிட்டார்.

அந்தச் சனம் ஊரைவிட்டுப் போக முடியாமல் கராச்சியில் நின்று மூன்று வருசம் ஆகவில்லை. 1950இல் வீலர் மறுபடியும் மொகஞ்சதாரோவில் தோண்டினார். அதே வருசம் அந்த நாட்டின் தொல்சின்னங்களைப் பற்றி ஒரு புத்தகமும் கொண்டுவந்தார். அதன் பெயர் 'பாகிஸ்தானின் ஐயாயிரம் ஆண்டுகள்'.